வயிறு நிறைந்ததா என்று கேட்டவர்

வில்சன் அண்ணன் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் ஒரு செயலியில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும், அவரோடு வேலை செய்த உங்களுக்கு இது புரியும். ஒரு சொல்லை முடிவு செய்வதற்குள் ஆளைக் களைக்க வைத்துவிடுவார்.

சர்க்கரை நோயாளிகளுக்கான செயலியை நான் எழுதினேன்; ஆங்கிலக் கேள்விகளை அவர் தமிழாக்கினார். அதில் ஒரு சொல் ‘சட்டயட்டி’. வயிறு நிறைந்த நிலை. எனக்கு அது ஒன்றிலிருந்து பத்துவரை ஓர் எண், அவ்வளவுதான். அவர் இரண்டு நாள் அகராதியே கதி என்று கிடந்தார்.

“மக்கா, லத்தீன்ல இதுக்க வேரு ‘போதும்’னாக்கும். சாட்டிஸ்ஃபை, சாச்சுரேஷன் எல்லாம் இதுக்க குடும்பம். துக்கத்துக்குச் சொல்லுத ‘சேட்’ இல்லியா, அதுவும் தூரத்துச் சொந்தம். பண்டு அதுக்கு நெறஞ்சவன்னு அர்த்தம். பொறவு மடுத்தவன், சலிச்சுப்போனவன்னு ஆச்சு. துக்கம் அதுக்கும் பொறவாக்கும்.”

“எனக்கும் மடுத்தாச்சு அண்ணா. பத்துக்கு எத்தனைன்னு போடுங்க.”

போட்டார். குன்னத்துகாலில் சில வீடுகளில் சோதித்தோம். எல்லாரும் பத்துக்குப் பத்து. எனக்கு வேலை முடிந்த சந்தோஷம். அவருக்கு முகம் சரியில்லை. வயிறு நிறையவில்லை என்று வீட்டுக்கு வந்தவனிடம் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வீட்டுக்குக் குறைச்சல்.

கடைசியாகப் பார்த்த வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு திரும்பினார். தங்கையன், ரப்பர் வெட்டுகிறவர், இன்சுலின் போடுகிறவர். அவரும் பத்து சொன்னவர்தான்.

“இண்ணைக்கு என்ன தின்னீரு?”

“சாயா உண்டு.”

“சாயா மட்டுமா?”

“பொறவு என்ன, ஆனையா? இரிங்க, கப்பைக்கெழங்கு அவிச்சுத் தாறேன்.”

காலையில் ஊசியை முழு அளவும் போட்டிருந்தார். வெறும் வயிற்றில் போட்டதால் சர்க்கரை இறங்கி அவர் கை நடுங்கியது, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அண்ணன் சீனியைக் கலக்கிக் குடிக்க வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எலே, நம்ம செயலி இவருக்கு நூத்துக்கு நூறு குடுத்திருக்கும்.”

மறுநாள் அனுப்பவேண்டிய செயலியை நிறுத்தினேன். எண்ணை எடுத்துவிட்டு அவர் கேட்டபடியே கேள்வியை மாற்றினோம்: என்ன சாப்பிட்டீர்கள், எப்போது?

அண்ணனைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். சாப்பிட்டாரா என்று கேட்டேன். “நெறஞ்சாச்சு மக்கா, நீ வேலையைப் பாரு” என்றார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது, என்ன சாப்பிட்டீர்கள், எப்போது என்ற அந்த ஒரு கேள்வி. ஊரில் எல்லாரிடமும் கேட்கிறேன். அவரிடம் கேட்கவில்லை.