நான் இறக்கி வைத்த தண்ணீர்

அன்பான சகோதரங்களே, அன்றைக்கு என் மகள் அனிற்றாவுக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. நாலு வயதுப் பிள்ளை. காரின் நிழலில் தாயின் மடியில் கிடந்தாள். முகம் சிவந்து, உடம்பு அடுப்பில் வைத்த சட்டி போலக் கொதித்தது. கூப்பிட்டால் கண் திறந்தாள், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. சுற்றிவரப் பாலைவனம். எங்களிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் பிள்ளை என் கண் முன்னால் சாகப் போகிறது என்று நினைத்தேன்.

இது 1993 ஆகஸ்டில், ஓமானில் நடந்தது. நாங்கள் லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிற மன்னார்க் குடும்பம். என் அக்கா ஓமானில், பாலைவனத்து நடுவே ஒரு சின்ன ஊரில் நேர்ஸாக இருந்தா. அத்தானும் அவருடைய தம்பி குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீடு. நான் 84இல் நாட்டை விட்டு வந்த பிறகு அக்காவின் முகத்தைக் காணவில்லை. அத்தானின் தம்பி மகளுக்குக் கலியாணம் என்று கடிதம் வந்தது. லண்டனில் பள்ளிக்கூட லீவு ஆகஸ்டில்தான். அந்த மாதம் அங்கே வெயில் எப்படி இருக்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

லண்டனில் ஒரு தமிழன் பிளேன் ஏறப் போகிறான் என்று தெரிந்தால் பார்சல் வராமல் இராது. டூட்டிங்கிலிருந்து கலியாணப் பெண்ணுக்குக் கூறைச்சேலை வந்தது. வெம்பிளிச் சொந்தங்கள் சப்பாத்து, சட்டை, பால்மா எல்லாம் தந்தார்கள். ஆகஸ்டில் பாலைவனத்துக்குச் சொக்லேட் கொடுத்துவிட்டவர்களும் உண்டு.

மஸ்கட்டில் எங்கள் ஊர் யோசப் அண்ணை தன் காரைத் தந்தார். டிக்கியில் இரண்டு பெரிய கான் தண்ணீர் வைத்தார்.

"இதை இறக்கிப்போடாதை தம்பி. வழியிலை கடை கிடக்கும் எண்டு நம்பிப் போகாதை" என்றார்.

அவர் உள்ளே போனதும் நான் பார்சல்களை ஏற்றினேன். டிக்கி மூடவில்லை. ஒரு பார்சலை விட்டுவிட்டுப் போனால் லண்டனில் ஆயுளுக்கும் கதை கேட்க வேண்டிவரும். இரண்டு கானையும் தூக்கி மதிலோரம் வைத்தேன். முன்சீற்றில் நாலு சின்னப் போத்தல் இருந்தது, அது காணும் என்று எண்ணினேன். என் மனைவி றெஜினா வந்து, "தண்ணி வச்சாச்சோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன்.

மத்தியானம் வரைக்கும் நல்ல தார் ரோட்டு. பிறகு அக்கா கடிதத்தில் எழுதியிருந்தபடி மண்பாதையில் திரும்பினோம். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் நான் பிழையான பக்கம் போனேன். கொஞ்சத் தூரத்தில் கார் மணலில் புதைந்தது. கையாலும் சாப்பாட்டுக் கோப்பையாலும் கிண்டினேன். கிண்டக் கிண்டக் காரின் சில்லு இன்னும் கீழே போனது. அதற்குள் போத்தல் நாலும் முடிந்துவிட்டது.

"டிக்கியிலை இருக்கிற கானை எடுங்கோ" என்றாள் றெஜினா.

"பொறும், எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் காருக்குப் பின்னால் போய் முழங்காலில் நின்றேன். செபமாலையைக் கையில் எடுத்தேன். பிள்ளை பிழைத்தால் மடுக் கோயிலுக்கு நடந்து வாறன் என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். மொட்டை, மெழுகுதிரி, ஏழைகளுக்குச் சாப்பாடு என்று வாய்க்கு வந்த எல்லாவற்றையும் வைத்தேன். நேர்த்தி கூடக்கூட நெஞ்சு பாரமாகிக்கொண்டே போனது. நான் செய்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் அழுதேன்.

எழும்பிப் போய் அவளுக்கு முன்னால் இருந்தேன். "தண்ணி இல்லை. பார்சலுக்கு இடம் காணாமல் நான்தான் இறக்கி வச்சனான். உமக்குப் பொய் சொன்னனான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் எழுத ஏலாது. பிள்ளையை என் கையில் தந்துவிட்டு எழும்பினாள். டிக்கியைத் திறந்து கூறைச்சேலைப் பார்சலைக் கிழித்தாள். மணப்பெண் கட்டுவதற்கு முன் கூறையை வேறு யாரும் விரிப்பது எங்கள் குடும்பத்தில் இல்லாத வழக்கம். நான் தடுக்கவில்லை.

"ஏறிக் கட்டுங்கோ" என்றாள்.

காரின் கூரையில் ஏறி, சேலையின் ஒரு தலைப்பைக் கரியரில் முடிந்து, மற்றத் தலைப்பைப் பிடித்து ஆட்டினேன். கீழே அவள் பிள்ளையை வைத்துக்கொண்டு செபம் சொன்னாள். நானும் கூடவே சொன்னேன். இந்த முறை நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. "ஆண்டவரே, பிழை என்னுடையது, பிள்ளையைத் தாரும்" என்று மட்டும் கேட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூரத்தில் தூசி எழும்பியது. தண்ணீர் ஏற்றுகிற லொறி, ஒரு தண்ணீர் பவுசர், எங்களை நோக்கித் திரும்பியது. சகோதரங்களே, தண்ணீர் பவுசர்! ஓட்டி வந்தவர் வயதான ஓமானியர். அவருடைய பாசை எங்களுக்குத் தெரியாது. முதலில் பிள்ளையின் உடுப்பை நனைத்தார், தலையில் ஈரத்துணி போட்டார், பிறகு தன் விரலால் சொட்டுச் சொட்டாகப் பருக்கினார். கனநேரத்துக்குப் பிறகு அனிற்றா "அம்மா" என்றாள்.

அவரே எங்களை அக்காவின் ஆசுப்பத்திரியில் சேர்த்தார். அக்காதான் அவரிடம் கேட்டுச் சொன்னா, வழமையாக அவர் விடியவே அந்தப் பாதையால் போய்விடுவாராம். அன்றைக்குத் தண்ணீர் நிரப்புகிற குழாய் பழுதாகிப் பிந்தினாராம். சிவப்பாக ஏதோ ஆடுவது கண்ணில் பட்டதாம். அத்தானின் தம்பி மகள் மணல் உதறிய அதே கூறையைத்தான் கட்டினாள், ஒரு குறையும் சொல்லவில்லை.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு இந்தச் சாட்சியைச் செபக்கூட்டத்தில் நாலைந்து தரம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் "கொண்டுபோன தண்ணீர் முடிந்துபோனது" என்றுதான் சொன்னேன். றெஜினா முன்வரிசையில் இருந்து கேட்டாள். ஒரு சொல் திருத்தவில்லை. என்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அக்காவிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் அனிற்றா குருவானவரிடம் பாவங்களைச் சொல்ல, முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். போவதற்கு முதல், "அப்பா, எல்லாத்தையும் சொல்லத்தான் வேணுமோ?" என்று கேட்டாள். "ஓம், எல்லாம்" என்றேன். சொன்ன வாயே சுட்டது. அவளை இருத்தி வைத்து, கானை இறக்கிய கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்து என் மடியில் இருந்தாள்.

அதனால்தான் எங்கள் பங்குக் கோயில் மலரில் இதை ஒளிவில்லாமல் எழுதுகிறேன். இன்றைக்கு எந்த மணலில் புதைந்திருந்தாலும் ஆண்டவரைக் கூப்பிடுங்கள், அவர் கைவிடமாட்டார். நீங்கள் இறக்கி வைத்தது ஏதும் இருந்தால் முதலில் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவருக்கு அது முன்னமே தெரியும். பக்கத்தில் இருக்கிறவருக்குத்தான் தெரியாது.

என் பிள்ளையைத் திருப்பித் தந்த ஆண்டவருக்கு நன்றி. றெஜினா, உமக்கும்.