கிளாக்கஸ் தோணியின் காவல்காரர்

ரங்கூன் ஆற்றில் நங்கூரமிட்டுக் கிடந்த சரக்குத் தோணி ஒன்றுக்கு நல்லையா காவல்காரர். மூட்டை ஏற்றும் ஆட்கள் பொழுது சாய்ந்ததும் கரைக்குப் போய்விடுவார்கள். அவர் மட்டும் தோணியிலேயே சமைத்து, தோணியிலேயே படுப்பார். துணைக்கு இருந்தது முகப்பில் வெள்ளைக்காரன் எழுதிவைத்த பெயர்தான்: கிளாக்கஸ். அது ஏதோ கடல்சாமியின் பெயர் என்று யாரோ சொன்னதிலிருந்து ஆட்கள் அதற்குக் குங்குமம் வைத்தார்கள்; ஆயுத பூஜைக்குத் தேங்காய் உடைத்தார்கள். நல்லையா தினமும் சூடம் கொளுத்தினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், அரிசி மில்லில் உமி அள்ளும் வேலம்மா அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். தோணியை விட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். மில்லில் இந்த வருஷ வேலை முடிந்ததும் அண்ணனோடு மாவ்பிக்கு வயல் வேலைக்குப் போய்விடுவேன், அதற்குள் பதில் சொல்லுங்கள் என்றிருந்தாள்.

நல்லையாவுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. கரையில் அவருக்கென்று யாரும் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. பூக்கட்டிக் கேட்டுவிடலாம் என்று வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்தார். வெள்ளை வந்தால் கரை, சிவப்பு வந்தால் தோணி. ஆனால் யாரென்றே தெரியாத சாமியிடம் எப்படிக் கேட்பது? சரக்குப் பார்க்க வரும் குமாஸ்தா ராஜரத்தினம் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரர்களின் சாமிக் கதைகளைப் படித்தவர். அவர் வரட்டும் என்று காத்திருந்தார். பூ வாடியது, புதுப் பூ வாங்கி மடித்தார். அதுவும் வாடியது.

ஒருவழியாக வந்த ராஜரத்தினம், அந்தப் பெயருக்கு அர்த்தம் சாம்பல் கலந்த நீலம், கடலின் நிறம் என்றார். வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. கிரேக்க நாட்டில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதன்தானாம். ஏதோ பச்சிலையைத் தின்றதும் கடலில் குதித்துத் தெய்வமாகிவிட்டானாம். இடுப்புக்குக் கீழே மீன் வால். கரையில் நின்ற ஒரு பெண்ணிடம் மனசைச் சொல்ல, அவள் வாலைப் பார்த்து மிரண்டு ஓடிவிட்டாளாம்.

"பின்னாலயே போகலியா அவரு?"

"வாலை வச்சுக்கிட்டு எங்கய்யா கரையேறுவாரு? தண்ணியிலயே கெடந்தாரு, உங்களாட்டம்."

நல்லையா சிரிக்கவில்லை. பூப்பொட்டலங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு வாலு. எனக்குக் காலு இருக்குதே," என்றார்.

பொட்டலங்களைப் பிரிக்காமலே முகப்பில் வைத்தார். வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, குமாஸ்தா வந்த சம்பான் படகிலேயே ஏறிக் கரைக்கு வந்தார்.

மில் குடியிருப்பில் வேலம்மாவின் அறை திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. காலையில்தான் மாவ்பிக்குக் கிளம்பினாள் என்றாள் பக்கத்து அறைக்காரி. போகுமுன் ஆற்றோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாளாம்.

மாவ்பிக்கு அடுத்த ரயில் மறுநாள்தான். நல்லையா ஸ்டேஷனில் துண்டை விரித்துப் படுத்தார். தரை ஆடவே இல்லை. அதனாலேயே தூக்கம் வரவில்லை. ஆறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அவர் எழுந்து போகவில்லை.