பாறைமுனைக்கு எவ்வளவு நேரம்

அந்தப் பள்ளத்தாக்கு ஊரில் அவரை அப்பா அம்மா வைத்த பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. 'அரைமணி' என்று கேட்டால் பஸ் நிலையத்தில் ஆரஞ்சு விற்பவர்கூட வீட்டைக் காட்டிவிடுவார். நகராட்சியின் சுற்றுலாப் பிரிவில் அவருக்கு வேலை. மலைப்பாதைகளுக்கு வழிகாட்டிப் பலகை எழுதி நடுவது, மழையில் சாய்ந்ததை நிமிர்த்துவது, பெயிண்ட் உரிந்ததைத் திரும்ப எழுதுவது. இவ்வளவுதான் உத்தியோகம்.

அதற்கு முன்னால் பதினாறு வருஷம் மின்வாரியத்தில் இருந்தார். மலைமேல் போகும் கம்பிகளைக் கோபுரம் கோபுரமாக நடந்து பார்த்துவிட்டு வருகிற வேலை அது. ஆறடிக்கு மேல் உயரம், அதில் முக்கால்வாசி கால். வெளியூர்க்காரர்கள் ஆற்றங்கரைத் திடலில் கூடாரம் அடித்துத் தங்கவும், காலையில் வந்து சுற்றிவிட்டு மாலை பஸ்ஸுக்குத் திரும்பவும் ஆரம்பித்த காலத்தில், அவர்களில் பாதிப்பேர் வழி தெரியாமல் எவர் தோட்டத்திலாவது போய் நின்றார்கள். மலை தெரிந்த ஆள் வேண்டும் என்று நகராட்சி இவரைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

பலகையில் இடத்தின் பெயர், அம்புக்குறி, தூரம், நேரம் நான்கும் இருக்க வேண்டும். நேரத்தை அவரே நடந்து பார்த்துத்தான் எழுதினார். அருவிக்கு அரை மணி. மேட்டுப் புல்வெளிக்கு அரை மணி. பாலத்திலிருந்து பாறைமுனைக்கு, செங்குத்தான படிகளோடு சேர்த்து, அதுவும் அரை மணி. அதை நம்பி ஏறி நாக்குத் தள்ளி உட்கார்ந்தவர்கள் "எந்தப் புண்ணியவான் எழுதினது இது?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் வந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"நடந்து பாத்துட்டுதான் எழுதியிருக்கேன். கடிகாரம் பொய் சொல்லுமா?" என்பார்.

ஒரு கோடையில் வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, மனைவியின் அப்பா, இரண்டு குழந்தைகள். கடைசி பஸ் ஐந்தரைக்கு. பலகையைப் பார்த்து, ஏற அரை மணி, இறங்க அரை மணி, மேலே கொஞ்ச நேரம் என்று கணக்குப் போட்டு நாலு மணிக்குப் பாறைமுனைக்குக் கிளம்பினார்கள். கீழே வந்து சேர்ந்தபோது மணி ஏழு. கூடாரத் திடலைப் பார்த்துக்கொள்கிற அக்கா பாவம் பார்த்து, சாமான் அறையை ஒழித்து அவர்களைப் படுக்க வைத்தாள்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் அந்த மனைவி வந்து நின்றாள். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதை எழுதினவர் என்னைக்காவது கூட யாரையாவது கூட்டிட்டு நடந்திருக்காரா?"

பிரிவு அதிகாரி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"சார், உங்க மேல தப்புன்னு சொல்லல. யாரையாவது கூட்டிட்டுப் போய் ஒரு தடவை நேரம் பாத்துட்டு வந்துடுங்க. தனியா மட்டும் வேணாம்."

அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்குப் பல்வலி, ஒருவருக்குத் தலைக்குமேல் வேலை, இன்னொருவர் கழிப்பறைக்குப் போனவர் வரவே இல்லை. கடைசியில் வீட்டில்தான் கேட்க வேண்டியதாயிற்று.

அவர் மனைவி சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். திடலில் வாடகைக்கு விடுகிற, உள்ளே புகுந்து படுக்கிற தூக்கப்பைகள் எல்லாம் அங்கேதான் வெளுப்புக்கு வரும். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. வாயும் கையும் சேர்ந்தே ஓடும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் கணவன் அவளை எங்கேயாவது கூப்பிடுவது அபூர்வம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே ஃபிளாஸ்க்கில் டீயும் நாலு அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு தயாராகிவிட்டாள்.

ஒன்பது பத்துக்குப் பாலத்தில் நேரம் குறித்துக்கொண்டார். முதல் வளைவிலேயே அவர் நாற்பதடி முன்னால் போயிருந்தார். நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அவள் வந்தாள். மறுபடி நடந்தார், மறுபடி நின்றார்.

"என்னங்க, நீங்க என்கூட வர்றீங்களா, இல்ல என்னை மேய்ச்சுட்டு வர்றீங்களா?"

"நீ வழியில நிக்காம வா."

"மூச்சு வாங்குது. நின்னுதான் வாங்கணும்."

கைக்குழந்தையோடு இறங்கி வந்த ஒரு ஜோடியிடம் நின்று, குழந்தைக்குப் பல் முளைத்த கதை முழுதும் கேட்டாள். ஷூ கயிற்றை இரண்டு தடவை கட்டினாள். ஓடை ஓரம் டீ குடித்தாள். அவர் பொறுமையிழந்து, நிற்கிற நிமிஷங்களைத் தனியாக நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.

படிகள் வந்ததும் அவள், "நீங்க பின்னால வாங்க. முன்னால நின்னு மணி பாத்தீங்கன்னா எனக்குக் கால் வரல" என்றாள்.

சரியென்று பின்னால் நடந்தார். அவள் ஒரு படியில் வலது காலை வைத்து, முட்டியில் கையை ஊன்றி எழும்பி, இடது காலையும் அதே படிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் இதேதான். முட்டி வலி என்று அவள் வீட்டில் சொன்னதுண்டு, அவரும் தைலம் வாங்கிக் கொடுத்ததுண்டு. ஆனால் எங்கே போனாலும் அவர்தான் முன்னால் போவார். அவள் படியேறுவதை அவர் பார்த்ததே இல்லை.

படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார். நூற்று நாற்பத்தாறு.

மேலே போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. முழுசாக ஒரு மணி ஐம்பது நிமிஷம். அவள் பெஞ்சில் உட்கார்ந்து முட்டையை உரித்தபடி கீழே பார்த்தாள். ஆற்றங்கரையில் கூடாரங்கள் கைக்குட்டைகளைக் காயப் போட்டதுபோல் கிடந்தன.

"நான் துவைக்கிற பையெல்லாம் அங்கதானா இருக்கு? எவ்வளவு தூரத்துல இருக்கு பாருங்க" என்றாள்.

அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நின்ன நேரம் நாப்பத்தஞ்சு நிமிஷம். அதைக் கழிச்சா..."

"அதை ஏங்க கழிக்கிறீங்க? ஊர் பாக்க வர்றவன் நிக்கத்தானே வர்றான்?"

அவர் கழித்தலை அடித்துவிட்டு, ஒரு மணி ஐம்பது என்று எழுதிக்கொண்டார். இறங்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. முட்டி வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். இத்தனை வருஷமாக எந்தப் பலகையிலும் அவர் இறங்கும் நேரத்தை எழுதியதில்லை.

அந்தக் கோடையில் ஞாயிறுதோறும் இருவரும் ஒவ்வொரு பாதையாக நடந்தார்கள். எட்டுப் பாதைகளின் பலகைகளைச் சுரண்டித் திரும்ப எழுதினார். ஏறும் நேரம் தனி, இறங்கும் நேரம் தனி. பாறைமுனைப் பலகையின் அடியில் சின்ன எழுத்தில், கடைசி பஸ் பிடிக்க இரண்டு மணிக்குள் கிளம்பவும் என்று சேர்த்தார்.

எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. அருவிக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்தவர், நேரத்தைப் பார்த்தே பயந்து ஜனங்கள் பாதியில் திரும்புகிறார்கள் என்று சண்டைக்கு வந்தார். அதில் உண்மையும் இருந்தது. கல்லூரிப் பையன்கள் பலகைமுன் நின்று, இதற்கா இவ்வளவு நேரம் என்று சிரித்துப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். அதிகாரியும் யோசித்தாள்.

"சார், வேகமா போறவங்களுக்கு ஒண்ணு, மெதுவா போறவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு நேரம் போடலாமா?"

"ரெண்டு போட்டா எல்லாரும் தன்னை வேகமான ஆளுன்னுதான் நெனப்பாங்க மேடம். நானே அப்படித்தான் இருந்தேன். சீக்கிரம் போனவன் மேல சும்மா உக்காந்திருப்பான். லேட்டா போனவன்தான் பஸ்ஸ விடுவான்."

அதிகாரி ஒத்துக்கொண்டாள். படம் எடுத்துச் சிரித்ததில் அவருக்கு வருத்தம்தான். ஒரு வாரம் பஸ் நிலையம் வழியாகப் போகாமல் சுற்றிப் போனார்.

மலைக்கு அந்தப் பக்கத்து ஏரிக்குப் போகும் பாதை மட்டும் பாக்கி நின்றது. அவர் நடைக்கே நாலரை மணி நேரம். மனைவிக்கு அந்த மழைக்காலத்தில் முட்டி மோசமாகி அறுவை சிகிச்சை நடந்தது. சலவைக்கூட முதலாளி அவளை உட்கார்ந்து செய்கிற தையல் பகுதிக்கு மாற்றினார். கிழிந்த தூக்கப்பைகளை ஒட்டுப்போடுவது அவள் பொறுப்பாயிற்று. ஏரிப் பலகையில் அவர் நேரத்தை மட்டும் அழித்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டார். அதிகாரி கேட்டபோது, "ஆள் தேறட்டும் மேடம்" என்றார்.

தேற ஒன்றரை வருஷம் ஆயிற்று. திடல் அக்காவிடம் ஒரு கூடாரமும் இரண்டு தூக்கப்பைகளும் வாங்கிக்கொண்டு, மூன்று நாள் விடுப்பில் போனார்கள். பாதி வழியில், பைன் மரங்கள் விலகிய ஒரு சமதரையில், வெயில் இருக்கும்போதே கூடாரம் அடித்தார். மின்வாரிய ஆள் என்பதால் கயிறு கட்டுவதில் குறை இல்லை, ஆனால் வாசலை மலைச்சுவர்ப் பக்கம் வைத்துவிட்டார். அவள் சிரித்த சிரிப்பில் பிடுங்கித் திரும்ப அடித்தார். அவள் பையைப் பிரித்து ஓரத்தைத் தடவிப் பார்த்து, இந்தத் தையலை இன்னும் நன்றாகப் போட்டிருக்கலாம் என்றாள்.

மறுநாள் மதியம் ஏரிக்கு வந்தார்கள். தண்ணீர் அவள் நினைத்ததைவிடச் சின்னது. அதையும் சொன்னாள். காலை நனைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்திலேயே இருந்தார்.

ஊர் திரும்பியதும் ஏரிப் பலகையை எழுதினார்: 'ஏரி – போக இரண்டு பகல். நடுவில் தங்க இடம் உண்டு.' ஓய்வு பெறும்வரை அவர் எழுதிய பலகைகளிலேயே நீளமானது அதுதான். எழுத்து ஓரத்தில் கொஞ்சம் நெருங்கிவிட்டது, இடம் போதவில்லை.