ஐந்நூறு லிட்டர் டேங்க்

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூளை பார்க்கும் ஆல்பர்ட், "ஞாயித்துக்கிழம வூட்ல டேங்க் கட்டப்போறேன்" என்று டீக்கடையில் சொன்னார். எந்த டேங்க் என்று சொல்லவில்லை.

அது ராணுவ டேங்க். பழைய சாமான் கடையில் கிடைத்த, அவர் வயதே ஆன பிளாஸ்டிக் மாடல். உடல், பீரங்கிக் குழல், சக்கரம் எல்லாம் ஒட்டியாயிற்று. சக்கரங்களைச் சுற்றும் ரப்பர் பட்டைதான் கைபட்டதும் அப்பளம்போல் நொறுங்கியது. செய்தவனை வாய்க்கு வந்தபடி அவர் திட்டிக்கொண்டிருந்தபோது, டீக்கடைப் பேச்சைக் கேட்டிருந்த பிளம்பர் தமிழ்மணி பைப்பும், வாஷர் வெட்ட ரப்பர் ஷீட்டுமாக வந்து நின்றார்.

"டேங்க் எங்கண்ணே? கூப்புடாமலே வந்துட்டேன்."

ஆல்பர்ட் மேஜையைக் காட்டினார்.

தமிழ்மணி குனிந்து பார்த்தார். "ஐநூறு லிட்டர் புடிக்குமாண்ணே?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தமிழ்மணி கிளம்பவில்லை. அந்த ஷீட்டையே பட்டையாக அறுத்து, வரிவரியாகக் கீறி, சக்கரங்களில் மாட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

முழங்கை நீள டேங்க் இப்போது ஷோகேஸில் நிற்கிறது. வருகிறவர்கள் வாய்பிளக்கிறார்கள். ராணுவ எண் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் '500 லிட்டர்' என்றிருக்கிறது. ஏன் என்று கேட்டால் ஆல்பர்ட் சிடுசிடுக்கிறார்:

"நன்றின்னு எழுதுனா தமிழ்மணி ஒதைப்பான்."