கை நீட்டுவாரா, மடக்குவாரா?

என் அப்பாவுக்குக் காளவாசலில் கிரில் பட்டறை. ஜன்னல், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது சிலைக் கூண்டுதான். அப்போது மதுரையைச் சுற்றி எந்த ஊரில் எந்தத் தலைவருக்குச் சிலை வைத்தாலும், திறப்பு விழாவுக்கு முன்பே போலீஸ்காரர்கள் வந்து "கூண்டு போட்டாச்சா?" என்று கேட்பார்கள். எவனாவது ஒருத்தன் செருப்பு மாலை போட்டுவிட்டால் நான்கு நாள் பஸ் ஓடாது. அதனால் தலைவர் முதலில் கம்பிக்குள் போவார், அப்புறம்தான் மாலை ஏற்பார்.

ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் தலைவர் யார் என்று அப்பா கேட்கவே மாட்டார். "கை நீட்டுவாரா, மடக்குவாரா?" என்பதுதான் முதல் கேள்வி. நீட்டுகிற தலைவர் என்றால், விரல் இடிக்காமல் வெளியே வர ஒரு வளையம் விட்டுக் கம்பியை வளைக்க வேண்டும். தெருவில் பார்த்தால் வெட்டிக்கொள்ளக்கூடியவர்கள் எங்கள் பட்டறை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, அவரவர் தலைவரின் விரல் நீளத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எங்கள் சொந்த ஊர் ஆனையூரைத் தாண்டி வடக்கே ஒரு காலனி. தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலை. அந்தக் காலனியில் எங்கள் ஆட்கள் முதல்முதலாக ஒரு சிலை வைத்தபோது அதற்கும் அப்பாதான் கூண்டு செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம தலைவரை நாமளே ஜெயில்ல போடுறோமாப்பா?"

"ஜெயில் இல்ல பாப்பா. பாதுகாப்பு."

அந்த வார்த்தை அவர் வாயில் எப்போதும் இருக்கும். ஓவியப் படிப்பை முடித்து, சிற்பம் படிக்க வடநாட்டில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோதும் அதையேதான் சொன்னார். "பொம்பளப் பிள்ள அம்புட்டுத் தூரம் தனியாப் போயி என்ன செய்யப் போற? ஒன் பாதுகாப்புக்குத்தான சொல்றேன்." மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே பதில். எனக்கு வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, ஆனால் அப்பாவோடு வாதாடி ஜெயித்தவர் எங்கள் வீட்டில் கிடையாது. கடைசியில் அவரே ஒரு படி இறங்கி வந்தார். "ஒன் வேலையப் பாத்து விவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தராவது நல்லா இருக்குன்னு சொல்லட்டும். அப்பறம் பேசுவோம்."

ஆக, கல்லூரியில் சேர வேண்டிய அந்த மாதம் முடிவதற்குள் எனக்கு இரண்டு வேண்டும். விவரம் தெரிந்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம், அப்பாவின் சம்மதம். கடிதத்துக்கு மதுரையில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார், ஓவிய ரசிகர் சங்கத் தலைவர். நகரத்தில் பாதிப் பேருக்குப் பானை வரைந்து நிழல் போடக் கற்றுக்கொடுத்தவர். பானையைத் தாண்டிய எந்தக் கலையும் அவருக்குப் பிடிக்காது என்பதுதான் சிக்கல்.

ஓவியம் சேர்ந்து படித்த நாங்கள் ஐந்து பேர் கண்காட்சி வைத்தோம். இடம், வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில் ஒரு கல்யாண மண்டபம். ஆடி மாதத்தில் எவனும் கல்யாணம் வைக்க மாட்டான், மண்டபம் சும்மா கிடந்தது. நண்பன் ஒருவன் பழைய டவுன் பஸ்ஸின் சீட்டைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு, "தயவுசெய்து உட்காரவும்" என்று எழுதியிருந்தான். நாள் முழுக்க ஒரு ஆள் உட்காரவில்லை. "யாரோ துண்டு போட்டிருக்காகளே" என்று சொல்லி நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் அப்பாவிடமே ஒரு கூண்டு ஆர்டர் கொடுத்திருந்தேன்.

"சிலை எம்புட்டு உயரம்?" என்றார்.

"சிலை கிடையாதுப்பா. பாக்க வர்றவங்க ஏறி நிப்பாங்க."

அளவு டேப்பைச் சுருட்டினார். "கை நீட்டுவாகளா, மடக்குவாகளா?"

"அது அவங்கவங்க இஷ்டம்."

மூன்று பக்கமும் வளையம் விட்டு அருமையாகச் செய்து அனுப்பினார். கண்காட்சிக்கு வரச் சொன்னேன், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கூண்டை மண்டபத்து வாசலில் பீடத்தோடு நிறுத்தினோம். பின்பக்கம் கதவு. "ஏறி நில்லுங்கள். மாலை போடப்படும்" என்று ஒரு அட்டை. தலைவர்களைக் கூண்டில் வைத்துக் கும்பிடுகிற ஊரைக் கேலி செய்து, ஊர்க்காரர்களைக் கோபப்படுத்த வேண்டும் என்பது நான் வெளியே சொன்ன திட்டம். கோபமா பட்டார்கள்? வரிசையில் நின்றார்கள். ஆட்டோக்காரர் ஒருவர் ஏறி வானத்தைக் காட்டினார். டீக்கடை மாஸ்டர் ஏறி, ஒரு கையை மேலே ஒரு கையைக் கீழே வைத்து டீ ஆற்றுகிற மாதிரி நின்றார். ஒரு அம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "நீங்க வந்து போடுங்க மாலைய" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். சம்பங்கி மாலை ஒன்றே கழுத்து மாறிக் கழுத்து மாறி வந்தது. என்னைத் திட்ட ஒரு ஆள் வரமாட்டாரா என்று ஏங்கிப்போனேன்.

கடிதத்துக்காக நான் கூப்பிட்டிருந்த வாத்தியார் மூன்று மணிக்கு வந்தார். வெள்ளை ஜிப்பா, தங்கப் பிரேம் கண்ணாடி. கூண்டைச் சுற்றி வந்தார்.

"இதுல என்னம்மா கலை இருக்கு? இரும்புக் கடையில இருக்கிறத எடுத்து வாசல்ல வச்சிருக்க."

"நின்னு பாத்தா தெரியும் சார்."

"அதையும் பாத்துருவோம்."

கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க நான் அரைச் செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தேன். சுத்தக்காரரான அவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஏறினார். ஏறியவர் ஜிப்பாவை இழுத்து விட்டுக்கொண்டார், இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தார், வலது கை விரலை வளையத்தின் வழியே தெப்பக்குளத்தை நோக்கி நீட்டினார். பல வருஷமாக யோசித்து வைத்திருந்த போஸ் என்று பார்த்ததுமே தெரிந்தது. மாலை போட்டோம், கூட்டம் கைதட்டியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இந்தக் கதவு எம்மாத்திரம். டமாரென்று சாத்திக்கொண்டது.

சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது. கூண்டைப் பூட்ட மறந்துவிட்டு அப்புறம் ஊரே அடித்துக்கொள்கிறது என்பதால் அப்பா எல்லாக் கூண்டிலும் அதைத்தான் வைப்பார். உள்பக்கம் கைப்பிடி கிடையாது. சிலைக்கு எதற்குக் கைப்பிடி?

"கதவத் திறம்மா" என்றார் வாத்தியார் சாந்தமாக. கைதட்டினார்கள்.

"நெசமாவே மாட்டிக்கிட்டேன்" என்றார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

"என்னமா நடிக்கிறாரு பாரு மாப்ள" என்றது ஒரு குரல். கல்லூரி மாணவன் ஒருவன் நோட்டோடு முன்னால் வந்து, "சார், இந்தப் படைப்பு மூலமா நீங்க என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேட்டான்.

"வெளிய விடுங்கன்னு சொல்ல வர்றேன்" என்றார். அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை மட்டும் பார்த்துச் சொன்னார். "ஒனக்கு லெட்டர் கிடையாது. இது சத்தியம்." எஸ்.டி.டி பூத்துக்கு ஓடிப் பட்டறைக்குப் போன் போட்டேன்.

"அப்பா, கூண்டுச் சாவி எங்க?"

"ஸ்டேஷன்ல."

"எந்த ஸ்டேஷன்ல?"

"அங்கன ஒங்க ஏரியா போலீஸ் ஸ்டேஷன்லதான். எப்பவும் அங்கதான குடுப்பேன்."

சிலைக் கூண்டுக்கு ஒரே சாவி, அது போலீசிடம் இருக்க வேண்டும், கொடுத்தவர் வந்தால்தான் திருப்பித் தருவார்கள் என்பது வழக்கம். அந்த வழக்கப்படி என் கலைப்படைப்பின் சாவியையும் காக்கி கவரில் போட்டு முதல் நாளே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

கூண்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஸ்டேஷனுக்குக்கூடப் போகாமல், நகரத்தைக் குறுக்காகக் கடந்து நேரே மண்டபத்துக்கு டி.வி.எஸ் ஃபிஃப்டியில் வந்து சேர்ந்தார். அவர் முதலில் பார்த்தது வாத்தியாரை அல்ல, வெல்டிங்கை. எல்லாம் சரியாக இருந்தது. "அறுத்துருங்கண்ணே" என்றார் ஆட்டோக்காரர். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது.

"இத்தன வருசத்துல என் கூண்ட ஒருத்தன் அறுத்ததில்ல. அறுத்தா ஒரு மணி நேரமாகும், சாவி அரை மணி நேரம். போயிட்டு வாரேன்."

அரை மணி நேரம் ஒன்றே கால் மணி நேரமானது. இதற்குள் செய்தி தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டது. பூக்காரம்மா ஒருத்தர் கதம்ப மாலையோடு வந்தார். நாலாவது மாலைக்கு வாத்தியார் கழுத்தை அவராகவே கம்பிப் பக்கம் நீட்டினார். ஐந்தாவது மாலைக்குப் பிறகு, "கூடியிருக்கும் பெரியோர்களே" என்று பேசத் தொடங்கினார். அவர் மனைவி ஃபிளாஸ்க்கில் காபியோடு வந்தார். அந்தப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம் அவர்கள். கூண்டைப் பார்த்ததும் அந்த அம்மா சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல், நேரே போய்த் துண்டு போட்ட பஸ் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நண்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் எழுந்து வந்து வீட்டு மொழியில் கணவரிடம் நீளமாக ஏதோ சொன்னார். எங்களில் ஒருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் கல்யாணமான ஆண்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சாவி வந்தது. அப்பாவோடு ஏட்டு ஒருவரும் பந்தோபஸ்துக்கு இரண்டு கான்ஸ்டபிளும் வந்தார்கள். சிலைக் கூண்டைத் திறப்பது சாதாரண விஷயமா? ஏட்டு வாத்தியாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

"இவரு எந்த அமைப்பு?"

"ஓவிய ரசிகர் சங்கம்ங்கய்யா" என்றேன்.

"கூண்டத் தொறக்கணும்னா ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடணும். எதிர்த்தரப்பு யாரு?"

வாத்தியாரின் மனைவி கையைத் தூக்கினார்.

அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. வாத்தியார் இறங்கவில்லை. "ஒரு நிமிஷம். போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்கல்ல" என்றார். இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், பேப்பர் கேட்டார். ஏட்டின் நோட்டை அடியில் வைத்து நின்றபடியே எழுதினார். "இந்த மாணவியின் படைப்புக்குள் இரண்டு மணி நேரம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்" என்று தொடங்கியது அந்தக் கடிதம். இதைவிட நேர்மையான விமர்சனம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். கூட்டம் கலைந்தது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூண்டைப் பிரித்து ஏற்ற வேண்டும் என்று காத்திருந்தேன். அப்பா செருப்பைக் கழற்றினார்.

"கதவப் பிடிச்சுக்க. காத்தடிக்குது."

உள்ளே ஏறி நின்றார். போஸ் எதுவும் கொடுக்கவில்லை, எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல நின்றார். அப்புறம் வலது கையை வளையத்துக்குள் விட்டார். விரல் போனது, உள்ளங்கை இடித்து நின்றுவிட்டது. இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார்.

"விரலுக்கு மட்டுந்தான் எடம் விட்டிருக்கேன்" என்றார்.

கதவு கையை இழுத்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இத நீ சிலைக்குச் செய்யச் சொல்லல. எனக்குத்தான் செய்யச் சொல்லிருக்க."

"ஆமாப்பா."

"வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல."

"மூணு தடவ சொன்னேன்."

அவர் சிரித்தார். உள்ளே நின்றுகொண்டு, கம்பியில் நெற்றியை வைத்து, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதற்குள் சிரிப்பும் வந்து மூக்கெல்லாம் ஒழுகியது. கையை எடுத்தால் கதவு சாத்திக்கொள்ளும் என்பதால் துடைக்கவும் முடியவில்லை.

இறங்கி வந்து, வண்டிப் பையிலிருந்து ஹாக்சாவை எடுத்தார். தன் கூண்டைத் தொட ஒருத்தரையும் விடாத மனுஷன் கீழே குத்தவைத்து, பூட்டின் நாக்கைப் பத்து நிமிஷம் அறுத்தார். அறுந்த துண்டு சூடாக விழுந்தது. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"ரயிலு எத்தன மணிக்கு?" என்றார்.