மதன் ஆட்டத்து மெட்டு

காமன் கூத்தில் மதனும் ரதியும் கல்யாணக் கோலத்தில் ஆடுவதற்கென்றே தப்புப் பறையில் அடிக்கும் மெட்டு ஒன்று இருக்கிறது. அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து வந்த சனங்கள் கொண்டுவந்தது என்பார்கள். இல்லை, இங்கே புசல்லாவையில்தான் பிறந்தது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சண்டையே கிடையாது. அது அப்பாவின் காலில் பிறந்தது. மதன் வேஷத்தில் அவர் ஆடியதைப் பார்த்துத்தான் அம்மா அவரைக் கட்டிக்கொண்டார்.

"மூஞ்சியெல்லாம் அரிதாரம். கழுவுனப்புறம்தான் ஏமாந்தது தெரிஞ்சிச்சு" என்பார் அம்மா. அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

முந்தின வருஷம் அப்பா போய்விட்டார். பாடையைத் தூக்கியபோது, தப்புக்காரர்கள் சாவு மெட்டை நிறுத்திவிட்டு மதன் மெட்டை அடித்தார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதன் பிறகு எங்கே அந்த மெட்டு கேட்டாலும் அம்மா எழுந்து போய்விடுவார்.

இந்த மாசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கூத்து வைத்தார்கள். வேலை பார்க்கும் கண்டிப் புடவைக் கடையில் லீவு சொல்லிவிட்டு நான் வந்தால், அம்மா தெல்தோட்டைச் சின்னம்மா வீட்டுக்குப் போகப் பை கட்டி வைத்திருக்கிறார்.

"எத்தன நாளைக்கும்மா இப்படி ஓடுவீங்க?"

"கூத்துல எரிஞ்ச மதன் மூணாம் நாள் எந்திரிச்சிருவாரு. என் மதன் எந்திரிச்சாரா?"

 அன்றைக்கென்று பஸ்ஸும் வரவில்லை. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

மதனும் ரதியும் லயத்து வீட்டு வரிசையில் வாசல் வாசலாக ஆடி வருவார்கள். ஆட்டம் வேண்டும் என்கிற வீட்டார் வாசலில் நிறைகுடம் வைப்பார்கள். குடம் இல்லாவிட்டால் துக்க வீடு என்று தப்பு அடிக்காமல் கடந்துபோவார்கள். அப்பாவுக்குத் திவசம் கொடுத்தாயிற்று, இனிக் குடம் வைக்கலாம். அம்மாதான் வைக்க விடவில்லை.

பொழுது சாய்கிற நேரம் பக்கத்து வாசல் வரை வந்த தப்பு சட்டென்று நின்றது. சலங்கை மட்டும் மெதுவாக எங்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.  அம்மா எழுந்து கதவைத் திறந்தார்.

"ஏன்டா நிப்பாட்டுனீங்க? அவரு ஆடுன வாசல்டா இது!"

"குடம் இல்லியேக்கா..." என்று தப்புக்காரர் ஒருவர் இழுத்தார்.

"குடம் வரும், நீ அடி. இந்த மதன் மாப்பிள்ளைக்கு இன்னும் காலு சரியா விழல. இங்க நின்னு ஆடட்டும், நான் பாக்குறேன்."

குடத்தை எடுக்க நான் உள்ளே ஓடினேன். அதில் தண்ணீர் நிறைவதற்குள் வெளியே தப்பு தொடங்கிவிட்டது. கூடவே அம்மா கைதட்டுவதும் கேட்டது.