காதணிப்பூ பூத்த குளிர்காலம்

கடல்கடந்து வந்து குடியேறிய டண்டினொங் நகரில், எங்கள் வீட்டுக் குசினி யன்னலோரம், காலை வெயில் விழும் இடத்தில் அந்தப் பூச்சாடி இருந்தது. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த மொரீசியஸ் தமிழர் அந்தச் செடியைத் தந்தார். அவருக்குத் தமிழ் பேச வராது. ஆங்கிலத்தில்தான் விளக்கினார். அவருடைய தீவில் ஒரே ஒரு மலையின் பாறைச் சரிவில் மட்டும் மிஞ்சியிருக்கும் புதர் அது. ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கும். சிவப்பு மணிபோல் தொங்கும் பூவை அங்கே காதணி என்பார்களாம். தன் அறையில் வெயில் இல்லை, பூத்தால் விதை எடுத்துத் தாருங்கள், ஊரிலுள்ள தமையனுக்கு அனுப்பவேண்டும் என்றார்.

மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீர் விடுவேன். உறைபனி என்று வானொலி சொன்னால் சாடியை ஹீற்றர் உள்ள அறைக்குத் தூக்கிப்போவேன்.

"பெத்த பிள்ளையளையும் நீங்கள் இப்பிடித் தூக்கேல்லையப்பா," என்பாள் மனைவி.

எழுபத்தேழாம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரேயொரு மொட்டு வந்து விரிந்தது. மகளின் வர்ணப்பெட்டித் தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் வைத்தேன். இனி விதை பிடிக்கும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

அந்த வாரம்தான் இலங்கையில் தமிழர்களை அடிக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. மனைவியின் தம்பி கண்டியில் கடை வைத்திருந்தான். அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஒருநாள் வேலையால் வந்தபோது காம்பு மொட்டையாக நின்றது. பூ முருகன் படத்தின் முன்னால் இருந்தது.

"பிடுங்கிப்போட்டீரே?"

"ஓம். ஒரு மலையிலை மட்டும் இருக்கிற பூ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அதுதான் குடுத்தனான். கடைப்பூவை வைச்சே தம்பியின்ரை உயிரைக் கேக்கிறது?"

சப்பாத்தைக் கழற்றி அதன் இடத்தில் வைத்தேன்.

பூ படத்தின் முன்னால் வாடிக் கருகியபின் தந்தி வந்தது. தம்பியைக் கடைக்குள்ளேயே கொன்றுவிட்டார்கள்.

செடி தந்த நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் விதையைப் பற்றி வாய் திறக்கவில்லை. தம்பிக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போய் முடிந்த ஒரு பின்னேரம், கோப்பை கழுவிக்கொண்டிருந்த மனைவி யன்னலைப் பார்த்தாள்.

"அந்தப் பூவை விட்டிருக்கலாம். அதெண்டாலும் தப்பியிருக்கும்."

அதன்பின் உறைபனி என்று வானொலி சொல்லும் நாட்களில், நான் கதிரையை விட்டு எழும்புமுன் அவளே சாடியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். செடி பச்சையாகத்தான் நின்றது. மறுபடி மொட்டு வைக்கவில்லை.